வெண்டிலேற்றரில் போட்ட கொவிட் நோயாளர் தப்புவது எதைப் பொறுத்தது? வீட்டாருக்கு எதைச் சொல்வது?

கைநூல்_திருமலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் காத்திருக்கிற வீட்டாருக்குக் கொடுக்க, தமிழில் ஒரு சின்னக் கைநூல் தயாராகுது. கொவிட் அலைகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் 2020, 2021 இல் பரவின ஒரு பேச்சு மட்டும் ஓயவில்லை: "மெசினில போட்டா ஆள் திரும்பாது." கிண்ணியா, மூதூர், கந்தளாய், எங்கே போனாலும் இதுதான். இன்றைக்கு வேறு நிமோனியாவோடு வருகிற ஆளுக்கு மூச்சுக்குழாய்க்குள் ரியூப் போடச் சம்மதம் கேட்டாலும் வீட்டார் இதைச் சொல்லித்தான் பின்வாங்குகினம்.

கேட்க விரும்புவது மூன்று. வெண்டிலேற்றரில் போட்ட கொவிட் நோயாளரில் 88 வீதம் இறந்தார்கள் என்ற கணக்கு எங்கே இருந்து வந்தது, அது சரியா? வேறு இடங்களில் 30 என்றும் 45 என்றும் கிடக்குது, எதை அச்சடிக்கிறது? அடுத்தது, தப்பினவருக்கும் தப்பாதவருக்கும் இடையில் வயது மட்டும்தான் வித்தியாசமா, அல்லது கட்டிலடியில் செய்த வேலைக்கும் பங்கு இருக்கா? மூன்றாவது, அந்த நாட்களில் உள்ளே என்ன நடக்குது என்று வீட்டாருக்கு விளங்கவேணும், அதை ஒரு தாதி வாசித்தாலும் பிழை சொல்லக்கூடாது. விபரமாக எழுதுங்கோ, நாங்கள் சுருக்கிக்கொள்ளுவம்.

மயக்கமருந்து_கிழக்கு:

முதலில் அந்த 88 வீதத்தை முடித்துவிடுவோம். உங்கள் கைநூலுக்கு முதல் எதிரி அதுதான்.

அது நியூயோர்க்கில் இருந்து வந்த கணக்கு. 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 4 வரை அங்கே 12 வைத்தியசாலைகளில் சேர்ந்த 5,700 பேரைப் பற்றிய அறிக்கை, அதே ஏப்ரலில் வெளியானது. செயற்கைச் சுவாசம் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். கணக்கெடுத்த நாளில் அவர்களில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் உயிரோடு வெளியேறியிருந்தார்கள், 831 பேர் இன்னும் வைத்தியசாலையிலேயே இருந்தார்கள். அந்த 831 பேரையும் விட்டுவிட்டு, 282ஐ 320ஆல் வகுத்ததில் வந்ததுதான் 88. கடும் கொவிட்டில் இறக்கிறவர் முதல் கிழமையிலேயே இறக்கலாம். தப்புகிறவர் இயந்திரத்தில் இருந்து கழன்று வீடு போக மூன்று நாலு கிழமை எடுக்கும். அவ்வளவு முந்தி எண்ணினால் இறந்தவர் எல்லாரும் கணக்குக்குள் வந்துவிடுவார்கள், தப்பப்போகிறவர் வரமாட்டார். சஞ்சிகை பிறகு சுருக்கவுரையைத் திருத்தியது: 24.5 வீதம் இறப்பு, 72.2 வீதம் இன்னும் வைத்தியசாலையில். திருத்தம் ஊருக்கு வரவில்லை, 88 வந்து சேர்ந்துவிட்டது.

முதலாம் ஆண்டில் உலகெங்கும் வெளியான 69 ஆய்வுகளை, 57,420 நோயாளரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு 45 வீதம். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 4,244 பேரை 90 நாள் பின்தொடர்ந்த ஆய்வில் 31 வீதம். அவர்களிலும் பெரும்பாலானோர் ரியூப் போடப்பட்டவர்கள்தான். ஒரு நாட்டுக்கும் மற்ற நாட்டுக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இது மாறும். ஆகவே கைநூலில் "ஏறக்குறையப் பாதிப்பேர் தப்பினார்கள், பல இடங்களில் பாதிக்கு மேல்" என்று எழுதுங்கள். ஒற்றை இலக்கம் அச்சடிக்க வேண்டாம். வயதின் பங்கை மறைக்கவும் வேண்டாம்: அதே 69 ஆய்வுத் தொகுப்பில் 80 வயதைக் கடந்தவர்களின் இறப்பு 84 வீதம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வேலைக்குப் பங்கு உண்டு, பெரிய பங்கு. இயந்திரம் கொவிட்டைக் குணமாக்குவதில்லை. நுரையீரல் தானாக ஆறும் வரைக்கும் நாட்களை வாங்கித் தருகிறது. அந்த நாட்களில் இயந்திரமே நுரையீரலைக் கிழிக்காமல் பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை.

இது முக்கியம் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். கடும் கொவிட்டில் நுரையீரலின் பெரும்பகுதி நீரும் அழற்சியும் நிரம்பி மூடிக்கிடக்கும். காற்றுப் போகிற பகுதி ஒரு சின்னப்பிள்ளையின் நுரையீரல் அளவுதான். அதற்குள் பெரிய ஆளின் மூச்சைத் தள்ளினால் மிச்சமிருக்கிற நல்ல பகுதியும் பழுதாகும். அதனால் ஒரு மூச்சுக்கான காற்றை நோயாளியின் நிறையை வைத்துக் கணிக்கக்கூடாது, உயரத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். ஆண் என்றால் 50, பெண் என்றால் 45.5, அதோடு, சென்ரிமீற்றரில் உயரத்தில் இருந்து 152.4ஐக் கழித்து 0.91ஆல் பெருக்கி வருவதைக் கூட்டுங்கள். வருவது எதிர்பார்க்கும் உடல்நிறை. அதில் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர்.

155 சென்ரிமீற்றர் உயரமான அம்மா ஒருவர், நிறை 80 கிலோ என்று வையுங்கள். கணக்குப்படி அவருக்கு 47.9 கிலோ, ஆகவே மூச்சுக்கு 287 மில்லிலீற்றர். 80 கிலோவை வைத்துப் பெருக்கினால் 480 வரும். அது அவருடைய நுரையீரலுக்கு கிலோவுக்கு 10 மில்லிலீற்றர். 2000ஆம் ஆண்டில் 861 பேரில் செய்த அமெரிக்க ஆய்வில் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் கொடுத்தவர்களில் 39.8 வீதமும், 6 கொடுத்தவர்களில் 31 வீதமும் இறந்தார்கள். மருந்து ஒன்றும் மாற்றவில்லை, ஒரு குமிழைத் திருப்பியதுதான். படுத்திருக்கிற ஆளின் உயரத்தைக் கண்மட்டத்தில் எழுதுவது இதனால்தான் ஆபத்து. அளவுநாடாவை உச்சியில் இருந்து குதிக்கால் வரை பிடியுங்கள். கால் மடங்கிக் கிடந்தால் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை அளந்து அட்டவணையில் பாருங்கள்.

மூச்சின் முடிவில் அரை விநாடி நிறுத்திப் பார்க்கிற பிளட்டோ அழுத்தம் 30 சென்ரிமீற்றர் நீருக்குக் கீழே இருக்கவேண்டும். அதில் இருந்து பீப்பை, அதாவது வெளிமூச்சு முடிந்த பிறகும் நுரையீரல் சுருங்காமல் இயந்திரம் தாங்கிப் பிடிக்கிற அழுத்தத்தை, கழித்தால் வருவது 15க்குக் கீழே இருப்பது நல்லது. 30ஐத் தாண்டினால் மூச்சின் அளவைக் கிலோவுக்கு 5க்கும், தேவையானால் 4க்கும் இறக்கி, மூச்சின் எண்ணிக்கையை 35 வரை கூட்டலாம். காபனீரொட்சைட் ஏறும். இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டுகிற பி.எச். 7.2க்குக் கீழே போகாத வரை பொறுக்கலாம். எண்ணிக்கையைக் கூட்டும்போது வெளிமூச்சு முடிய முன்னம் அடுத்த மூச்சு வந்து காற்று உள்ளே தேங்கும். காற்றோட்டத்தைக் காட்டுகிற கோடு பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று திரையில் பாருங்கள். செச்சுரேஷன், அதாவது இரத்தத்தின் ஒட்சிசன் செறிவு, 92 முதல் 96 வீதம் போதும். 100ஐத் துரத்தி ஒட்சிசனையும் பீப்பையும் ஏற்றுவதால் நன்மை இல்லை. அதிக பீப்பில் இரத்த அழுத்தம் விழும், நெஞ்சறைக்குள் காற்றுக் கசியும். கொவிட்டில் அந்தக் கசிவு அடிக்கடி பார்க்கப்பட்டது.

மருந்தில் உயிரைக் காப்பதில் முதலில் நிற்பது டெக்சமெதசோன், நாளைக்கு 6 மில்லிகிராம், 10 நாள் வரை. 2020 இல் பிரித்தானியாவில் நடந்த ரிக்கவரி ஆய்வில் வெண்டிலேற்றரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 வீதத்தில் இருந்து 29.3க்கு இறக்கியது. எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர். ஒட்சிசனே தேவைப்படாதவருக்கு அதே மருந்தில் பலன் தெரியவில்லை, இறப்புச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. காய்ச்சல் தொடங்கின முதல் நாளே பாமசியில் வாங்கி விழுங்கினவர்களுக்கு அது உதவாமல் போனது இதனால்தான். கொடுக்கும்போது சீனியை 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்குக் கீழே வைக்க இன்சுலின் தேவைப்படலாம். எங்கள் பக்கத்துக்கு இன்னொன்றும் உண்டு. வெறுங்காலோடு வயலிலும் மண்ணிலும் நிற்கிறவர்களில் ஸ்ட்ரொஞ்சிலோயிட்ஸ் என்ற குடற்புழு சத்தமில்லாமல் இருக்கலாம், டெக்சமெதசோன் போன்ற ஸ்ரெறொயிட் தொடங்கினால் அது உடம்பெங்கும் பரவும். சந்தேகம் இருந்தால் ஐவர்மெக்டின் கொடுப்பது இந்தப் புழுவுக்காக, கொவிட்டுக்காக அல்ல.

இரத்தக்கட்டி வராமல் தடுக்க எனொக்சபரின் 40 மில்லிகிராம் தடுப்பளவே போதும். ஐ.சி.யு. நோயாளருக்கு முழுச் சிகிச்சையளவு கொடுத்துப் பார்த்த 2021 ஆய்வுகளில் பலன் கிடைக்கவில்லை, இரத்தக்கசிவு கூடியது.

குப்புறப் படுக்க வைப்பதை நான் எழுதவில்லை. அதைச் செய்கிற கைகள் தாதியருடையவை, அவர்களே எழுதட்டும்.

ஐசியு_தாதி_திருமலை:

டொக்டர் விட்ட இடத்தில் இருந்து தொடருறன்.

யாருக்கு: இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் அழுத்தத்தை, கொடுக்கிற ஒட்சிசன் பங்கால் வகுத்து 150க்குக் கீழே வந்தால். உதாரணம், அழுத்தம் 72, ஒட்சிசன் 80 வீதம்: 72ஐ 0.8ஆல் வகுக்க 90. அவரைத் திருப்பவேணும். 2013 இல் பிரான்சில் வந்த ஆய்வில் ஒருதரம் திருப்பினால் குறைந்தது 16 மணித்தியாலம் அப்படியே வைத்தவை. 28 நாளில் இறப்பு 32.8 வீதத்தில் இருந்து 16க்கு இறங்கினது. இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அந்தப் பலன் வராது. நேரம் குறையிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஆளணிதான். இரவுக் கடமையில் திருப்ப ஆள் காணாது என்று விடியமுன்னம் மல்லாத்திப் போடுறது. பின்னேரம் நாலு மணிக்குத் திருப்பினால் அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு 16 மணித்தியாலம் வரும், பகல் ஆட்களே இரண்டு தரமும் நிற்பினம். நேரத்தை இப்படித் திட்டம் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஐந்து பேர் வேணும், பெரிய உடம்பு என்றால் ஆறு. தலைமாட்டில் நிற்கிறவர் ரியூப்பைப் பிடிப்பார், எண்ணுறதும் அவர்தான். வேறு ஆரும் கட்டளை சொல்லக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் மூக்குக் குழாய்ச் சாப்பாட்டை நிப்பாட்டி, இரைப்பையை உறிஞ்சி எடுங்கோ. ரியூப் உதட்டில் எத்தனையாவது சென்ரிமீற்றரில் நிற்குது என்று சத்தமாகச் சொல்லி எழுதுங்கோ. வாயையும் ரியூப்பையும் முதலிலேயே சக்சன் செய்யுங்கோ. கண்ணுக்குக் களிம்பு போட்டு மூடி ஒட்டுங்கோ. ஒட்சிசனை 100க்கு ஏற்றுங்கோ. நெஞ்சில் இருக்கிற ஈ.சி.ஜி. ஒட்டிகளைக் கழற்றி, திருப்பினவுடன் முதுகில் போட ஆயத்தமாக வையுங்கோ. மைய நாளத்து லைனும் ஆட்டரி லைனும் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் மேலே வரத்தக்கதாகத் திருப்புங்கோ. சிறுநீர்ப் பை கால்களுக்கு இடையில்.

திருப்பிறது மூன்று அசைவு. வெண்டிலேற்றருக்கு எதிர்ப்பக்க ஓரத்துக்கு இழுக்கிறது, பக்கவாட்டில் நிறுத்துறது, குப்புறப் போடுறது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிண்டு ரியூப், லைன், செச்சுரேஷன் மூன்றையும் பாருங்கோ. நெஞ்சுக்குக் கீழேயும் இடுப்புக்குக் கீழேயும் தலையணை, வயிறு தொங்கவேணும். ஒரு கை மேலே, மறு கை கீழே, முகம் மேலே இருக்கிற கையின் பக்கம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஆகக்கூடியது நாலு, கையும் தலையும் மாறவேணும். மாறாமல் விட்டால் தோள் நரம்பு இழுபட்டு, ஆள் தப்பின பிறகு கை தூக்க ஏலாமல் போகும். கட்டிலின் தலைப்பக்கத்தை மொத்தமாக உயர்த்திச் சாய்த்து விடுங்கோ, முகவீக்கம் குறையும், சாப்பாடும் மேலே வராது.

பிழைக்கிறது எங்கே என்றால், பெரும்பாலும் ரியூப்பில். பக்கவாட்டில் நிற்கும்போது ரியூப் வாய்க்குள் மடங்கினால் வெண்டிலேற்றர் காட்டுற உச்ச அழுத்தம் சடாரென்று ஏறும். சக்சன் குழாய் இறங்கிப் போகுதா என்று முதல் பாருங்கோ. ஒட்டின பிளாஸ்ரர் எச்சிலில் ஊறிக் கழரும். அதுக்காக நாடா கட்டுறதும் உண்டு, இறுக்கிக் கட்டினால் சொண்டோரம் புண் வரும். கன்னம், நாடி, மூக்கு நுனி, முழங்கால் சில்லு இந்த நாலு இடத்திலும் நுரைப் பட்டை வைக்காமல் 16 மணித்தியாலம் விடாதேங்கோ. திருப்பின உடனே செச்சுரேஷன் கொஞ்சம் விழும். பயந்து உடனே திருப்பிப் போடுறவை இருக்கினம், சில நிமிசம் பொறுங்கோ. ரியூப் வெளியே வந்தாலோ, அடைத்தாலோ, இதயம் நிண்டாலோ, 100 வீத ஒட்சிசனிலும் செச்சுரேஷன் ஐந்து நிமிசத்துக்கு மேல் 85க்குக் கீழே நிண்டாலோ உடனே மல்லாத்துங்கோ.

கஃப்பின், அதாவது ரியூப்பைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைக்கிற சின்னப் பலூனின், அழுத்தம் 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீர், கடமை மாறுற ஒவ்வொரு தரமும் அளக்கவேணும், விரலால் அமத்திப் பார்த்துச் சொல்லக்கூடாது. மல்லாந்திருக்கிற நேரம் தலைப்பக்கம் 30 பாகைக்குக் குறையக்கூடாது. வெண்டிலேற்றர் நிமோனியா வந்துதெண்டால் முதல் நோயால் தப்பவேண்டிய ஆளும் போகலாம், அதால வாய் சுத்தம் சின்ன வேலையில்லை.

வீட்டாருக்கு எழுதேக்க ஒன்று கட்டாயம் போடுங்கோ: குப்புறப் படுத்தி எழும்பின ஆளின் முகம் வீங்கி, கண் புடைச்சு, அடையாளம் தெரியாமல் இருக்கும். அடிபட்டதோ விழுத்தினதோ எண்டு நினைக்கவேண்டாம், ஒன்றிரண்டு நாளில் வத்திப்போகும்.

கைநூல்_திருமலை:

மிஸ்ஸுக்கும் டொக்டருக்கும் நன்றி. ஒட்சிசன் பற்றியும் ஆராவது சொல்லுங்கோ. 2021 ஓகஸ்ற்றில் இந்தியாவில் இருந்து கப்பலில் ஒட்சிசன் வந்ததால், "ஒட்சிசன் முடிஞ்சுதான் ஆட்கள் செத்தவை, மெசின்தான் ஒட்சிசனைக் குடிச்சது" என்கிற பேச்சும் இருக்கு.

உயிர்மருத்துவப்_பொறியியல்:

ஒட்சிசனைக் கூடக் குடித்தது வெண்டிலேற்றர் இல்லை. மூக்கு வழியாக உயர் ஓட்டத்தில் கொடுக்கிற கருவிதான். கணக்கு இது: மொத்த ஓட்டத்தை, ஒட்சிசன் பங்கில் இருந்து 0.21 கழித்து வருவதால் பெருக்கி, 0.79ஆல் வகுக்கவேண்டும். உயர் ஓட்டம் நிமிடத்துக்கு 60 லீற்றர், 80 வீதம் என்றால் நிமிடத்துக்கு 45 லீற்றர் சுத்த ஒட்சிசன். 7,000 லீற்றர் கொள்கிற பெரிய சிலிண்டர் இரண்டரை மணித்தியாலத்தில் முடியும். இப்படிப் பத்துப் பேர் என்றால் நாளைக்கு 648,000 லீற்றர் வாயு. திரவ ஒட்சிசன் ஒரு லீற்றர் ஏறக்குறைய 860 லீற்றர் வாயுவாக விரியும், ஆகவே தாங்கியில் இருந்து நாளைக்கு 750 லீற்றர் திரவம்.

வெண்டிலேற்றரில் அதே ஆள் நிமிடத்துக்கு 10 லீற்றர் மூச்சு எடுத்தால் அதே கணக்கில் 7.5 லீற்றர்தான். இயந்திரம் சும்மா ஓடவிடுகிற மேலதிக ஓட்டத்தையும் சேர்த்து 12 என்று வைத்தாலும் அதே சிலிண்டர் ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும்.

பலர் ஒரே நேரத்தில் உயர் ஓட்டத்தில் இருந்தால் வேறொரு சிக்கல் வரும். தாங்கியில் ஒட்சிசன் இருந்தாலும் குழாய்வழியால் அவ்வளவு வேகமாக வராது, திரவத்தை வாயுவாக்குகிற பகுதியில் பனி பிடிக்கும், சுவரில் 4 பார் இருக்கவேண்டிய அழுத்தம் விழும். அப்போது வார்ட்டின் கடைசிக் கட்டிலில் உள்ள வெண்டிலேற்றர்தான் முதலில் அலாரம் அடிக்கும். அந்த நேரம் வெண்டிலேற்றரைக் குறை சொல்லாமல் சுவர் அழுத்தமானியைப் பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கிற 5 அல்லது 10 லீற்றர் கொன்சென்றேற்றரை, அதாவது காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரிக்கிற கருவியை, இதற்கு மாற்றாகப் பூட்டலாமா என்று கேட்பார்கள். அதில் 4 பார் வராது. குறைந்த அழுத்த உள்வழி உள்ள ரேபைன் வகை இயந்திரத்தில் மட்டும் பூட்டலாம், அதிலும் உயர்ந்த செறிவு கிடைக்காது.

இயந்திரத்துப் பக்கத்தில் அடிக்கடி கவனிக்காமல் விடப்படுவது வெளிமூச்சு வடி. நெபுலைசர் மருந்தும் ஈரமும் சேர்ந்து அது அடைத்தால் காற்று வெளியேறுவது மெதுவாகும், உள்ளே தேங்கும், இரத்த அழுத்தம் விழும். நோய் மோசமாகிறது என்று நினைத்து மருந்தை ஏற்றுவார்கள், வடியை மாற்றினால் தீர்ந்துவிடும். அதேபோல ரியூப் பக்கத்து ஈரப்பத வடி. திருகோணமலைக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் சிலிண்டரில் இருந்தும் குழாயில் இருந்தும் வருகிற ஒட்சிசன் முழுக்க உலர்ந்தது. ஈரமூட்டாமல் விட்டால் சளி காய்ந்து ரியூப்பை உள்ளே இருந்து சுருக்கும். உச்ச அழுத்தம் ஏறி பிளட்டோ அப்படியே நின்றால் வழியில் அடைப்பு. இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரலில் அல்லது நெஞ்சறையில் பிரச்சினை. இந்த ஒரு வேறுபாடு உயிர் காக்கும்.

ஆளை வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போதும் கணக்குப் போடவேண்டும். திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்கு மூன்று மணித்தியாலம் என்று வைப்போம். நிமிடத்துக்கு மூச்சு 9 லீற்றர், ஒட்சிசன் 100 வீதம், இயந்திரம் ஓட 1 லீற்றர். 180 நிமிடத்துக்கு 1,800 லீற்றர். ரயர் போனாலும் பாதை மறித்தாலும் தாங்க இரண்டு மடங்கு, 3,600. 10 லீற்றர் நீர்க்கொள்ளளவுள்ள சிலிண்டர் 150 பாரில் 1,500 லீற்றர் தரும், ஆகவே மூன்று முழுச் சிலிண்டர். ஊசி 75இல் நின்றால் உள்ளே பாதிதான். ஏற்றமுன்னம் திறந்து வாசியுங்கள், சிட்டையை நம்பவேண்டாம். கையால் அமத்துகிற பை ஒன்று ஆளின் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

இயன்மருத்துவம்_மூதூர்:

இயந்திரத்தைக் கழற்றுகிற பகுதியைக் கைநூலில் பெரிதாகப் போடுங்கள். வீட்டார் நம்பிக்கை இழப்பது பெரும்பாலும் இரண்டாம் கிழமையில்தான், "இவ்வளவு நாளாச்சு" என்று. கொவிட்டில் இரண்டு கிழமை இயந்திரத்தில் இருப்பது வழமை, மூன்று கிழமையும் உண்டு. நாட்கள் நீளுவதை மட்டும் வைத்து ஆள் தப்பமாட்டார் என்று சொல்ல முடியாது.

ஒட்சிசன் 40 வீதத்துக்கும் பீப் 8க்கும் கீழே வந்து, இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மருந்து மிகக் குறைந்து, ஆளுக்கு இருமல் வரத்தொடங்கினால், தினமும் காலையில் மயக்கமருந்தை நிறுத்தி முழிக்க விடுவார்கள். பிறகு இயந்திரத்தின் உதவியை 5 முதல் 8க்கு இறக்கி, பீப் 5இல் வைத்து, அரை மணித்தியாலத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் வரை தானாக மூச்சு விடவைக்கும் சோதனை. மூச்சின் எண்ணிக்கையை லீற்றரில் ஒரு மூச்சின் அளவால் வகுத்து 105க்குக் கீழே வரவேண்டும்: நிமிடத்துக்கு 24 மூச்சு, ஒன்று 0.4 லீற்றர் என்றால் 60, நல்லது. 38 மூச்சு, 0.25 லீற்றர் என்றால் 152, இன்றைக்கு வேண்டாம். சோதனையில் தோற்றால் அன்று முழுக்க ஓய்வு கொடுத்து அடுத்த நாள். களைத்த ஆளை ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சோதித்தால் பின்னுக்குத்தான் போகும்.

பத்துப் பதினாலு நாளுக்குப் பிறகும் கழற்ற முடியாவிட்டால் கழுத்தில் துளை வைப்பார்கள். வீட்டார் இதைக் கேட்டதும் கைவிட்டுவிட்டார்கள் என்று அழுகினம். தப்புவார் என்று நினைக்கிற ஆளுக்குத்தான் பெரும்பாலும் அதை வைப்பார்கள். மயக்கமருந்து குறையும், வாய் கழுவலாம், கதிரையில் இருத்தலாம். துளை பெரும்பாலும் பிறகு மூடும்.

கைகால் பலவீனம் கடுமையாக இருக்கும். ஆறு தசைத்தொகுதிகளை இரண்டு பக்கமும் பார்த்து 60க்குப் புள்ளி போடுவோம், 48க்குக் கீழே என்றால் ஐ.சி.யு. பலவீனம். மயக்கத்தில் இருக்கும்போதே மூட்டுகளை மடக்கி நீட்டுவது, கணுக்காலை 90 பாகையில் தாங்குவது தொடங்கவேண்டும். ரியூப் எடுத்த அன்றே தேத்தண்ணி பருக்கவேண்டாம். விழுங்கும் சோதனை முடியமுன்னம் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும், திரும்ப ரியூப்.

முழிக்கிற நாட்களில் மனக்குழப்பம் வரும். ஆட்களை அடையாளம் தெரியாது, குழாயைப் பிடுங்குவார்கள். இங்கே தமிழும் சிங்களமும் கலந்து கேட்கிற வார்ட்டில், தன் பாஷை தெரியாத குரல் மட்டும் காதில் விழுந்தால் பயம் இன்னும் கூடும். வீட்டாரின் குரலில் இரண்டு நிமிடப் பதிவு, நாள் என்ன, இடம் என்ன, ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று தொடங்கி. கண்ணாடியும், காது கேட்கும் கருவி இருந்தால் அதுவும் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். தண்ணி, நோ, சளி, மூச்சுக் கஷ்டம், வீட்டார் என்ற சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஓர் அட்டையில் அச்சடித்துக் கைநூலோடு வைத்தால் நல்லது.

கைநூல்_திருமலை:

கடைசியாக ஒன்று. 75 வயது, சீனி வருத்தம், கிட்னியும் பலவீனம். பிள்ளைகள் வந்து "போடுறதா விடுறதா" என்று கேட்டால் கைநூல் என்ன சொல்லவேணும்?

மயக்கமருந்து_கிழக்கு:

வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்றும் எழுதாதீர்கள், எப்படியும் போடுங்கள் என்றும் எழுதாதீர்கள். நாங்கள் வீட்டாரிடம் முதலில் கேட்பது: நோய் வர இரண்டு கிழமைக்கு முன்னம் அவர் தானாக என்னென்ன செய்தார்? கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ நடந்து போனாரா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கினாரா, குளிக்க ஆள் வேண்டுமா, கட்டிலோடா? தானாக நடமாடின 75 வயதுக்காரருக்கும், படுக்கையில் கிடந்த 65 வயதுக்காரருக்கும் உள்ள வித்தியாசம் வயதை விடப் பெரிது. அடுத்தது எத்தனை உறுப்பு பழுது என்பது. நுரையீரல் மட்டும் என்றால் ஒரு கணக்கு. இரத்த அழுத்தத்துக்கு மருந்தும் டயாலிசிசும் சேர்ந்தால் வேறு கணக்கு, கொவிட் ஐ.சி.யு. நோயாளரில் டயாலிசிஸ் வரைக்கும் போனவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள்.

சம்மதம் என்பது ஒரேயடியாகக் கொடுத்து முடிகிற கையெழுத்து அல்ல என்பதையும் எழுதுங்கள். போட்டுப் பார்ப்போம், ஒரு கிழமை அல்லது பத்து நாளில் திரும்ப இருந்து பேசுவோம் என்று ஒத்துக்கொண்டு தொடங்கலாம். அந்த நாளில் ஒட்சிசன் தேவை இறங்கியிருந்தால் தொடருவோம், உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டு போனால் வேதனை நீக்கும் சிகிச்சைக்கு மாறுவோம். மாறினாலும் மூச்சுத் திணறலுக்கு மோர்பின் உண்டு, ஆளைத் திணறவிடுவதில்லை.

தாமதத்தைப் பற்றியும் இரண்டு வரி தேவை. சம்மதம் கிடைக்காமல் இழுபட்டு, ஆள் நிமிடத்துக்கு 40 மூச்சு எடுத்து, கழுத்துத் தசை இழுபட்டு, வாய் உளறத் தொடங்கின பிறகு ரியூப் போட்டால், போடுகிற அந்த ஐந்து நிமிடத்திலேயே இதயம் நிற்கக்கூடும். "மெசினில போட்டதும் செத்தார்" என்ற பேச்சில் ஒரு பகுதி இப்படிப் பிந்திப் போட்டதால் வந்தது. முழிப்பாக இருக்கும்போதே, ஆளிடமே கேட்கக்கூடிய நேரத்தில், சம்மதத்தைப் பேசிவிடவேண்டும்.

கைநூலின் பின்பக்கத்தில் வீட்டார் தாங்களே நிரப்ப ஒரு கட்டம் விடுங்கள்: திகதி, இன்றைய ஒட்சிசன் வீதம், பீப், குப்புறப் போட்டதா, இரத்த அழுத்த மருந்து கூடினதா குறைந்ததா, சிறுநீர் எவ்வளவு, முழித்தாரா. திகதியோடு ஆறு கேள்வி, தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் வந்து கேட்கட்டும். ஒரு நாள் இலக்கம் ஏறி இறங்குவதில் ஒன்றுமில்லை, மூன்று நாள் ஒன்றாகப் பார்த்தால்தான் போக்குத் தெரியும் என்று அந்தக் கட்டத்துக்கு மேலே அச்சடியுங்கள்.